பெருமாயி எழுதிய ஆறு கடிதங்கள்

1909 பிப்ரவரி 9, செவ்வாய்

பழைய அரிசி ரிஜிஸ்தர் ஒன்றை மூலையில் கரையானுக்கு விட்டுவிட்டார்கள். பின்பக்கம் அறுபது தாள் சுத்தமாக இருக்கிறது. எடுத்து வைத்துக்கொண்டேன். திருட்டு என்று சொல்ல முடியாது. கரையானுக்குப் போகவேண்டியது எனக்கு வந்தது.

நான் ஆவுடையப்ப பிள்ளை. திருநெல்வேலிப் பக்கம் பத்திரம் எழுதிப் பிழைத்தவன். இங்கே அந்தமானில் ஆயுள் கைதி, முன்ஷி வேலை. அதாவது கைதிகளை வைத்திருக்கிற இந்த ஸ்டேஷனுக்குள் எழுத்து வேலை எல்லாம் என் தலையில். தமிழ்க் கைதிகளுக்கு ஊரிலிருந்து வருகிற கடுதாசியை வாசித்துச் சொல்வதும், அவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை எழுதுவதை எழுதிக் கொடுப்பதும் நான்தான். கழுத்தில் தொங்குகிற பலகையில் நம்பர், பிரிவு, வந்த தேதி மூன்றும் இருக்கும். என் பிரிவு 467. பக்கத்தில் படுக்கிறவன்கள் எல்லாம் 302, வெட்டு குத்து. நான் ஒரு காகிதம் எழுதினேன், அவ்வளவுதான். செத்துப்போன ஒரு பெரிய மனுஷர் உயிரோடிருந்தால் எப்படிக் கையெழுத்துப் போடுவாரோ அப்படிப் போட்டேன். அதைப் பார்த்துவிட்டு அவர் பெற்ற மகனே, அப்பா கைதான் என்று கோர்ட்டில் அழுதான்.

கிடக்கட்டும். சொல்ல வந்தது வேறு. 302, கொலைக் கேஸில் வந்த ஒச்சாத்தேவனுக்கு இன்று டிக்கெட் கிடைத்தது. பத்து வருஷம் ஒழுங்காகக் கழித்தவனுக்கு சர்க்கார் கொடுக்கிற சீட்டு. இனி அவன் பாரக்கில் படுக்க வேண்டாம். பக்கத்துக் கிராமத்தில் கொஞ்சம் நிலம், சொந்தக் குடிசை, சொந்தச் சமையல். பெண்டாட்டியைக்கூட சர்க்கார் கப்பலிலேயே வரவழைத்துக்கொள்ளலாம்.

அந்தக் கடைசி வரி மட்டும் ஒச்சு காதில் விழாமல் இருக்க வேண்டும்.

பிப்ரவரி 10, புதன்

நான் பயந்தபடியே ஆயிற்று. மத்தியானம் ஓடிவந்தான். உசிலம்பட்டிப் பக்கத்து ஆள், ஆறடி உயரம், ஓடிவந்தால் தரை அதிரும்.

"அய்யா, பெருமாயிய வரச்சொல்லி மனுக் குடுத்திட்டேன்."

"யாரைக் கேட்டுக் கொடுத்தே?"

"ஒங்களத்தான் தேடுனேன். நீங்க ராஸ் தீவுக்குப் போயிட்டீக. ஹெட் கிளார்க்கே இங்கிலீஷ்ல எழுதி, காலையில பொறப்பட்ட கப்பல்லயே மதுரைக் கலெக்டருக்கு அனுப்பிட்டாரு."

"அவசரப்பட்டுட்டியேப்பா. அவ வருவாளோ மாட்டாளோ."

"நல்லாக் கேட்டீக போங்க! நீங்கதான வாசிச்சுச் சொன்னீக? 'கடல் தாண்டக் கூப்பிட்டாலும் வாரேன், தண்ணியக் கண்டு பயப்பட நான் என்ன பூனையா'ன்னு எழுதியிருந்தாளே!"

எழுதியிருந்தாள்தான். போன வருஷம் புரட்டாசியில், இதே மேஜையில், இதே பேனாவால். அந்த வரி அத்தனை அழகாக வந்து விழுந்தது, அடிக்க மனசு வரவில்லை. சவத்து மூதி, அன்றைக்கே கையை ஒடித்துக்கொண்டிருக்கலாம்.

பிப்ரவரி 14, ஞாயிறு

இன்று வேலை இல்லை. எழுதித் தொலைத்துவிடுகிறேன், இல்லாவிட்டால் மண்டை வெடித்துவிடும்.

பெருமாயி செத்து ஆறு வருஷம் தாண்டிவிட்டது. வாந்திபேதி. அவள் தமையன் மாயாண்டி கடுதாசி போட்டிருந்தான். அது வந்த அன்று ஒச்சு காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தான். ஒன்பது நாளாகக் கஞ்சி இறங்கவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துவிட்டான். இப்படித் திரும்புகிறவன் பிழைக்கமாட்டான் என்று கம்பவுண்டர் சொல்லிவிட்டார். நான் தாழ்வாரத்தில் நின்று கடுதாசியைப் படித்தேன். உள்ளே போனேன். "பெருமாயி எழுதியிருக்கா, எல்லோரும் சௌக்கியம், உன்னை உடம்பைப் பார்த்துக்கச் சொல்றா" என்றேன்.

அன்று சாயங்காலம் கஞ்சி குடித்தான். அதை யாராவது குற்றம் என்று சொன்னால் சொல்லட்டும்.

மறுநாள் அந்தக் கடுதாசியைக் கையில் கேட்டான். மாயாண்டி எழுத்து மாதிரியே ஒன்று எழுதிக் கொடுத்தேன். பிறகு வருஷத்துக்கு ஒன்று. மொத்தம் ஆறு. ஆறையும் மூங்கில் குழாயில் போட்டு வைத்திருக்கிறான், இடுப்பை விட்டு எடுப்பதில்லை.

அவன் சொல்லி நான் எழுதிய கடுதாசிகளை ஊருக்கு அனுப்ப முடியுமா? அனுப்பினால் அங்கேயிருந்து பதில் வந்துவிடுமே. அவை என் பெட்டியில் இருக்கின்றன. பத்திரமாகத்தான் இருக்கின்றன.

பிப்ரவரி 15, திங்கள்

அவனுக்கு ஒரு மகள் உண்டு, அங்கம்மா. அவன் கப்பல் ஏறியபோது நாலைந்து வயசு. இதை நேற்றே எழுதியிருக்க வேண்டும். விட்டுப்போயிற்று.

பிப்ரவரி 28, ஞாயிறு

குடிசையைப் பார்க்கக் கூப்பிட்டான். போகாமல் இருந்திருக்கலாம். மூங்கில் தட்டிச் சுவர், உள்ளும் புறமும் மண் பூசியிருக்கிறான். வாசலில் முருங்கைப் போத்து நட்டிருக்கிறான். உள்ளே அடுப்புப் போட்டுக்கொண்டிருந்தான்.

"ரொம்பத் தாழ்வாப் போடுறியே" என்றேன்.

"அவ குட்டைங்கய்யா. அடுப்பு ஒசந்தா எட்டாது."

"குட்டையா? பெருமாயி நல்ல உயரமாச்சே."

மண்ணைப் பிசைந்துகொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்தான். "ஒங்களுக்கு எப்படிய்யா தெரியும்?"

"மழையில் சுவர் விழுந்து தனி ஆளாக எடுத்துக் கட்டினதாக எழுதியிருந்தாளே, உயரமாத்தான் இருக்கணும்னு நினைச்சேன்" என்று சமாளித்தேன். சிரித்தான். தோள்பட்டை வரை கையை வைத்துக் காட்டினான், இம்புட்டுத்தான் இருப்பா என்று.

திரும்பி வரும்போது எனக்கு அவன்மேல் ஏனோ கோபம் கோபமாக வந்தது. பத்து வருஷத்துக்கு முன்னால் பார்த்தவன், அவனுக்கு என்ன தெரியும்.

மார்ச் 9, செவ்வாய்

ஒரு வழி இருக்கிறது! டிக்கெட் வாங்கியவன் இங்கேயே கலியாணம் பண்ணிக்கொள்ளலாம். பெண்கள் ஜெயிலில் ஐந்து வருஷம் கழித்தவர்களை வரிசையாக நிறுத்துவார்கள். ஆண்கள் எதிரே நிற்பார்கள். பேசிப் பிடித்துப்போனால் துரை எழுதிக்கொள்வார். ஊரிலே பெண்டாட்டி இருக்கிறவனுக்கு அனுமதி கிடையாதுதான். கிடக்கிறது, முதலில் இவனுக்கு ஒருத்தி மனசில் பிடிக்கட்டும். பிடித்துவிட்டால் மனுவை அவனே வாபஸ் வாங்குவான். மிச்சத்தைக் காகிதத்தில் நான் சரிக்கட்டிக்கொள்ள மாட்டேனா?

மார்ச் 15, திங்கள்

அவனைக் கெஞ்சிக் கூத்தாடி, பெண் பார்க்கிற ஒரு கைதிக்குத் துணையாகப் பெண்கள் ஜெயிலுக்குப் போகச் சொல்லி அனுப்பினேன். போனான். சேலத்துக்காரி குருவம்மாள் என்று ஒருத்தி, நல்ல கெட்டிக்காரி என்கிறார்கள், இவனைப் பார்த்து "என்ன, வாயில கொழுக்கட்டையா?" என்று கேட்டிருக்கிறாள். இவன் என்ன சொன்னான் தெரியுமா? "எம் பொஞ்சாதி கப்பல்ல வாரா தாயி, வந்தவுடனே ஒனக்குத் தொணையா வந்து பேசுவா" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான்.

என்னிடம் அதைப் பெருமையாக வேறு சொல்கிறான். எளவு.

ஏப்ரல் 4, ஞாயிறு

கப்பல் வந்தது. கலெக்டரிடமிருந்து ஒன்றும் இல்லை. மூச்சு வந்தது.

ஏப்ரல் 11, ஞாயிறு

இன்று உட்கார்ந்துவிட்டேன். ஏழாவது கடுதாசி. வரமாட்டேன் என்று பெருமாயியே எழுதிவிட்டால் தீர்ந்தது. இவன் இரண்டு நாள் அழுவான், மனுவை வாபஸ் வாங்குவான், குருவம்மாளைக் கட்டிக்கொள்வான்.

முதல் தாள்: "எனக்குக் கடல் பயமாக இருக்கிறது." இது அவள் பேச்சே இல்லை. கிழித்தேன்.

இரண்டாவது: "தமையன் விடமாட்டேன் என்கிறான்." தமையனுக்கு அடங்குகிறவளா அவள்? எருமை வாங்கியபோது அவனை எதிர்த்துக்கொண்டு வாங்கினவள். கிழித்தேன்.

மூன்றாவது: "நான் வேறொருவனோடு." இதை எழுதக் கை போகவில்லை. யாரைப் பற்றி என்ன பேச்சு!

நாலாவது தாள் வெறுமையாகவே இருக்கிறது. எத்தனையோ பேருக்கு எத்தனையோ மாதிரி எழுதியிருக்கிறேன். கொலைகாரனுக்கு நல்லவன் மாதிரி, கடன்காரனுக்குப் பணக்காரன் மாதிரி. இவளை மாட்டேன் என்று சொல்லவைக்க என்னால் முடியவில்லை. அவள் வருகிறேன் என்றே நிற்கிறாள்.

ஏப்ரல் 12, திங்கள்

நேற்று எழுதியதைப் படித்தால் பைத்தியக்காரன் மாதிரி இருக்கிறது. வெயில் காரணமாக இருக்கலாம்.

மே 7, வெள்ளி

கப்பல். ஒன்றும் இல்லை.

மே 23, ஞாயிறு

மழை பிடித்துக்கொண்டது. கூரை ஒழுகாத இடமாகப் பார்த்துப் பாயைத் தூக்கிக்கொண்டே அலைகிறேன். ஒச்சு அபர்தீன் பஜாரில் ஒரு சேலை வாங்கியிருக்கிறான். அரக்குச் சிவப்பு, மஞ்சள் கரை. "அவளுக்கு எடுப்பா இருக்குமாய்யா?" என்று என்னைக் கேட்கிறான்.

எடுப்பாகத்தான் இருக்கும் என்றேன். நானாக இருந்தால் கரும்பச்சை எடுத்திருப்பேன்.

ஜூன் 13, ஞாயிறு

ஒன்பது நாள் காய்ச்சல். இன்றுதான் எழுதுகிறேன். ஒச்சு துரையிடம் கேட்டு அனுமதி வாங்கித் தினமும் வந்தான். இடுப்புவரை மழைச் சகதியில் நடந்து வந்து, கஞ்சி காய்ச்சி, தலையைத் தூக்கிப் பிடித்து ஊற்றினான். நான் வேண்டாம் என்று முகத்தைத் திருப்பினேன்.

"செவத்தப் பாத்துத் திரும்பாதீகய்யா. எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு. பெருமாயி கடுதாசி வரலேன்னா அன்னைக்கே போயிருப்பேன்" என்றான்.

பிறகு, "ஒங்களுக்கு ஏன்யா ஊர்லருந்து யாருமே போடமாட்டேங்குறாக?" என்று கேட்டான்.

என் பெண்டாட்டி, நான் போட்ட மூன்றையும் பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிட்டாள், அதோடு நிறுத்திக்கொண்டேன் என்று சொல்லவில்லை. "எனக்கு வந்தால் நான்தானே வாசிக்கணும், அதான்" என்றேன். அவனுக்குப் புரியவில்லை. எனக்குமே சரியாகப் புரியவில்லை.

ஜூன் 14, திங்கள்

காய்ச்சலில் நான் ஏதாவது உளறினேனா என்று கேட்டேன். ஏதோ எருமை எருமை என்று சொன்னேனாம். நம்ம வீட்டு எருமை மேல ஒங்களுக்கு என்னய்யா அம்புட்டு அக்கறை என்று சிரிக்கிறான்.

ஜூலை 21, புதன்

வந்துவிட்டது.

ஹெட் கிளார்க் காகிதத்தை என் பக்கம் தள்ளிவிட்டார். "அந்த மதுரைக்காரன்கிட்டே சொல்லிடும் பிள்ளை. பெண்சாதி செத்துப்போச்சாம், மனு தள்ளுபடி." அவ்வளவுதான். அடுத்த காகிதத்துக்குப் போய்விட்டார். ஆறு வருஷக் கடுதாசி எப்படி வந்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. என்னைச் செக்கிழுக்கப் போடுவார்கள் என்று ஐந்து மாசமாகத் தூங்காமல் கிடந்தேன்.

காகிதத்தை முழுக்க வாசித்தேன். நமக்கு இங்கிலீஷ் அரைகுறைதான், ஆனாலும் இது புரிந்தது. பெருமாயி 1902 அக்டோபரில் இறந்தாள். கைதியிடமிருந்து அதற்குப் பிறகு கடுதாசியே வராததால் அவனும் இறந்துவிட்டதாக உறவினர் எண்ணி, மூன்று வருஷத்துக்கு முன் அவனுக்குக் கருமாதி செய்துவிட்டார்கள். மகள் உயிரோடிருக்கிறாள், மாமன் வீட்டில்.

நான் இதை நினைத்தே பார்க்கவில்லை. சத்தியமாக நினைக்கவில்லை. அந்தப் பெண் அங்கே ஒரு வரிக்காகக் காத்துக்கொண்டிருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இப்போதும் தப்பிக்க வழி இருக்கிறது. போன சித்திரையில் செத்துப்போனாளாம் என்று சொல்லிவிடலாம். காகிதம் இங்கிலீஷில் இருக்கிறது. தேதி எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஜூலை 22, வியாழன்

சித்திரை என்று சொல்லத்தான் போனேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

அவன் கூரையில் ஓலை மாற்றிக்கொண்டிருந்தான். இறங்கி வந்தான். பெருமாயி இறந்துபோய்விட்டாளாம் என்றேன். அப்படியே ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டான். அழவில்லை. "என்னைக்கிய்யா?" என்றான்.

நான் வாயைத் திறந்தேன்.

"நாளு சொல்லுங்க. நாளு தெரிஞ்சாத்தான அவளுக்கு ஒரு கை தண்ணி விட முடியும். தப்பான நாள்ல விட்டா அவளுக்குப் போயிச் சேராதே."

இதற்கு மேல் என்னால் முடியவில்லை. காய்ச்சலில் கிடந்தபோது அவன் என் தலையைத் தூக்கிப் பிடித்த கை கண் முன்னால் இருந்தது. "ஐப்பசி பன்னிரண்டு" என்றேன்.

"ஐப்பசியா? இது ஆடியில்லய்யா?"

"ஏழாவது வருஷம் நடக்குது, ஒச்சு."

சிரித்தான். நான் இன்னும் காய்ச்சலில் உளறுவதாக நினைத்தான். பிறகு இடுப்பிலிருந்து மூங்கில் குழாயை எடுத்தான்.

"அப்ப இது?"

"நான்."

"எருமை கன்னு போட்டது?"

"நான்தான்."

"அங்கம்மாவுக்குக் காது குத்துனது?"

"நான்."

"மழையில செவரு விழுந்து, ஒத்தையில மண்ணு சொமந்து அவ எடுத்துக் கட்டுனது?"

"அதுவும் நான்தான் எழுதினேன்."

"அதுக்கு நான் ரெண்டு நாளு அழுதேன்யா" என்றான். "நானில்லாம மண்ணு சொமக்குறாளேன்னு அழுதேன்."

நான் என் பெட்டியிலிருந்து, ஏன் என்று தெரியாமலே, எடுத்துப்போயிருந்த மாயாண்டி கடுதாசியை அவன் முன்னால் வைத்தேன். அவன் சொல்லி நான் எழுதி அனுப்பாமல் விட்ட ஆறையும் வைத்தேன். ஊரில் அவனுக்கே கருமாதி ஆகிவிட்டதையும் சொன்னேன். மகள் பேச்சு வந்ததும்தான் அவன் எழுந்தான். கூரை ஓலை நறுக்குகிற அரிவாள் பக்கத்தில் கிடந்தது. அவன் அதைப் பார்த்தான், நானும் பார்த்தேன். நான் நகரவில்லை.

"போயிருங்க. நான் மறுபடியும் 302 ஆகுறதுக்குள்ள போயிருங்க" என்றான்.

ஜூலை 23, வெள்ளி

என்னைப் பிடித்துப்போக ஜமாதார் வருவான் என்று காலையிலிருந்து சட்டையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வரவில்லை.

ஜூலை 30, வெள்ளி

இன்னும் வரவில்லை. வந்து தொலைந்தால் தேவலை. சோறு இறங்கமாட்டேன் என்கிறது. போகிற வருகிறவன் எல்லாம், "முன்ஷி, என்ன இப்படி இளைச்சுட்டே" என்கிறான். காய்ச்சல் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

பெருமாயி இருந்தால் என்ன சொல்வாள்? "செஞ்சதச் செஞ்சுபோட்டு மூஞ்சியத் தொங்கப்போட்டா ஆச்சா?" என்பாள். எழுதிவிட்டேன். இந்த வரியை அடித்துவிட வேண்டும்.

ஆகஸ்டு 15, ஞாயிறு

அமாவாசை. நாள் தவறிப்போனதை எல்லாம் அமாவாசையில் சேர்த்துச் செய்யலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். காலையில் கடற்கரையில் ஒச்சு தலையை மழித்து உட்கார்ந்திருந்தான். எள்ளும் தண்ணீரும் ஏழு தடவை விட்டான், வருஷத்துக்கு ஒன்று வீதம். நான் தூரத்தில் புங்கமரத்தடியில் நின்றேன். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

அவன் போன பிறகு நானும் இறங்கி முழுகினேன். வெயில் அதிகமாக இருந்தது.

ஆகஸ்டு 17, செவ்வாய்

வந்தான். நேராக என் பெட்டியைக் காட்டி, "இதக் குடுங்க" என்றான். சாமானைக் கீழே கொட்டிவிட்டுக் கொடுத்தேன். அவர்கள் பக்கத்தில், செத்துப்போன பெண்ணுக்குச் சேலை எடுத்துப் பெட்டியில் வைத்துக் கும்பிடுவார்களாம். அந்த அரக்குச் சிவப்புச் சேலையை வைக்கப் பெட்டி வேண்டும்.

"ஆறு வருசம் அவள இதுலதான வச்சிருந்தீக. இதுலயே இருக்கட்டும்" என்றான்.

பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வாசல்வரை போனவன் திரும்பினான். "நாளைக்கு வாரேன். மகளுக்கு ஒரு கடுதாசி எழுதணும்."

"என்னிடமா?"

"வேற யாரு இருக்கா இந்த ஸ்டேசன்ல? ஒங்களக் காட்டிக்குடுத்துச் செக்குல போட்டா எம் மகளுக்கு யாரு எழுதுவா?"

ஆகஸ்டு 18, புதன்

அவன் சொல்லச் சொல்ல எழுதினேன். "அங்கம்மா, நான் சாகல, உசுரோடதான் இருக்கேன். ஒனக்கு ஆறு கடுதாசி எழுதுனேன். இத எழுதுறவன் அனுப்பாம வச்சுக்கிட்டான்."

பேனா நின்றது.

"எழுதுங்க" என்றான். "ஒங்க பேரையும் போடுங்க. ஊரையும் போடுங்க. என்னென்ன செஞ்சீகளோ எல்லாத்தையும் எழுதுங்க. எருமையையும் எழுதுங்க. அவளுக்குத் தெரியணும்."

எழுதினேன். ஆஸ்பத்திரிக் கஞ்சியைப் பற்றி ஒரு வரி சேர்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. கடைசியில், இப்படிக்கு ஆவுடையப்ப பிள்ளை என்று போட்டேன். ஊர் உலகத்துக் கையெழுத்தெல்லாம் அச்சாகப் போடுகிற கை இது. என் பேரை எழுதக் கோணிக்கொண்டு போயிற்று.

ஹெட் கிளார்க் மேலோட்டமாகப் புரட்டி முத்திரை குத்திவிட்டார், அவருக்குத் தமிழ் தெரியாது. உறையை நான் வாங்கக் கையை நீட்டினேன். ஒச்சு முந்திக்கொண்டு வாங்கி மடியில் செருகிக்கொண்டான். மழையில் தபால் ஆபீசுக்கு அவனே நடந்து போய்ப் போட்டான்.

செப்டம்பர் 12, ஞாயிறு

கப்பல் வந்தது. இல்லை.

அக்டோபர் 10, ஞாயிறு

இல்லை. அவன் தினமும் வந்து ஜன்னலுக்கு வெளியே நிற்கிறான். உள்ளே வரமாட்டான். எனக்கு உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. ஒருவேளை அந்தப் பெண் எழுதவே மாட்டாளோ? எழுதாவிட்டால் அவன் நம்பமாட்டான், நான் இதையும் மறைத்துவிட்டேன் என்பான். தபால் கட்டை அவன் கண் முன்னால் பிரித்து உதறிக் காட்டினேன்.

நவம்பர் 5, வெள்ளி

வந்தது. பழுப்பு உறை, உசிலம்பட்டி முத்திரை.

இந்தத் தடவை நான் முன்னால் படிக்கவில்லை. உறையைப் பிரிக்காமல் அவனைக் கூப்பிட்டேன். அவனே கிழித்தான். தாளைத் தலைகீழாகப் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு என்னிடம் கொடுத்துவிட்டு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தான். நான் வாசித்தேன். அப்படியே இங்கே எழுதி வைக்கிறேன்:

"அப்பா, இத வாத்தியார் வச்சு எழுதுறேன். நீ செத்துட்டேன்னு எனக்குச் சொல்லி, ஒன் பேரச் சொல்லி என் கையால எள்ளுந் தண்ணியும் விடவச்சாங்க. இப்ப உசுரோட இருக்கேன்னு கடுதாசி வருது. எத நம்புறது?

"ஆத்தா சாகையில நான்தான் பக்கத்துல இருந்தேன். ஒன் பேரச் சொல்லல. தண்ணி தண்ணின்னு மட்டுந்தான் சொன்னா. எருமையாம் கன்னாம், இங்க எருமையும் வாங்கல ஒரு மண்ணும் வாங்கல. எனக்கு மாமன் காது குத்தல, நானே முள்ள வச்சுக் குத்திக்கிட்டேன்."

அடுத்த வரிக்கு என் கண் முன்னால் போய்விட்டது. நான் இந்தத் தொழிலில் ஊறியவன், கண்ணால் ஒன்றைப் பார்த்து வாயால் வேறொன்றைச் சொல்வதற்கு எனக்கு இமைக்கிற நேரம் போதும். ஒச்சு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். வாசித்தேன்.

"இத வாசிக்கிற ஆவுடையப்ப பிள்ளைக்கு: நீ நாசமாப் போவ. ஒன் கை அழுகிப் போகும். எங்கப்பன் ஒரு வார்த்த போட்டிருந்தா நான் இந்த வீட்டுல நாயாக் கெடந்திருக்க மாட்டேன். செத்தவள எழுப்பி உக்கார வச்சு நீ வெளயாடுன, உசுரோட இருந்த எனக்கு யாருமில்லாம ஆக்கிப்புட்ட. நீ செத்தா ஒனக்குத் தண்ணி விட ஒரு நாதி இருக்கக் கூடாது."

நடுவில் ஒரு தடவை நிறுத்தினேன். தண்ணீர் குடித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து வாசித்தேன்.

"அப்பா, நீ நெசமாவே எங்கப்பன்தானா? சின்னதுல நான் கொதிக்கிற கஞ்சியக் கொட்டிக் கையச் சுட்டுக்கிட்டேன். எந்தக் கைன்னு எழுது. அத இவனால இட்டுக்கட்ட முடியாது. சரியாச் சொன்னா மறு கடுதாசி போடுறேன். அங்கம்மா."

முடிந்தது என்று தாளைக் கீழே வைத்தேன்.

"இம்புட்டுந்தானாய்யா? எதையும் விடலியே?"

"விடலை."

"ஒங்களத் திட்டுனத மறுபடி வாசிங்க."

வாசித்தேன். கை அழுகிப் போகும் என்கிற இடத்தில் அவன் முகம் கோணியது, கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. பெருமாயி செத்த செய்திக்கு அழாதவன் இப்போது வாய்விட்டு அழுதான், சிரிக்கவும் சிரித்தான்.

"இது எம் மகதான்யா" என்றான். "நீங்க எழுதியிருந்தா இப்படி எழுதியிருக்க மாட்டீக."

மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எடுங்க காகிதத்த" என்றான். "எடது கை. முழங்கைக்கு மேல. எழுதுங்க."

"இடது கைதானே?" என்று ஒருமுறை கேட்டேன். தன் இடது கையை நீட்டி, இடத்தைத் தொட்டுக் காட்டினான். அதன் பிறகுதான் எழுதினேன்.